நான்கு சக்கரமும் இழுத்தால்



1986-இல் எடுத்த ஒரு விளம்பரப் படம் இன்றைக்கும் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஃபின்லாந்தில் கைப்போலா என்ற ஊர். பனிச்சறுக்கு வீரர்கள் வேகமெடுத்துப் பறப்பதற்காகக் கட்டிய ஓடுதளம். மேலிருந்து கீழே வருவதற்கென்றே கட்டிய அந்தத் தளத்தில் ஆடி 100 குவாட்ரோ கார் ஒன்று கீழிருந்து மேலே ஏறுகிறது. ஓட்டுகிறவர் ஹரால்ட் டெமுத் என்ற ஜெர்மன் ராலி ஓட்டுநர். சரிவு 37 பாகைக்கு மேல். அதாவது, பத்து மீட்டர் முன்னே போவதற்குள் ஏழரை மீட்டருக்கு மேல் உயர்ந்தாக வேண்டும். கார் உச்சிக்குப் போய் நிற்கிறது. பார்த்தவர்கள் மனத்தில் பதிந்தது ஒன்றுதான்: நான்கு சக்கரமும் இழுத்தால் வண்டி எங்கேயும் ஏறிவிடும்.

அந்தக் காரின் டயர்களில் ஆணி பதித்திருந்தார்கள்.

இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உராய்வுக் குணகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். டயர் தரையை எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு அதுதான் அளவு. காய்ந்த தார்ச்சாலையில் 0.8, 0.9 என்று இருக்கும். மழையில் நனைந்தால் 0.5 அல்லது 0.6. இறுகிய பனியில் 0.2 முதல் 0.3 வரை. உறைந்த பனிக்கட்டியில் 0.1 கிடைத்தாலே பெரிது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒரு சரிவில் ஏற வேண்டுமானால், சரிவு எந்த விகிதமோ அந்த அளவுக்காவது குணகம் இருக்க வேண்டும். கைப்போலாவில் 0.75-க்கு மேல் தேவை. பனி தருவதோ 0.3. ஆணி இல்லாவிட்டால் நான்கு என்ன, நாற்பது சக்கரம் இழுத்தாலும் அந்தக் கார் ஏறியிருக்காது.

சரி, அப்படியானால் எல்லாம் ஆணியின் பெருமைதானா? அதுவும் இல்லை. ஆணி பதித்த அதே டயர்களை இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் காரில் மாட்டுங்கள். வண்டி எடையில் ஏறக்குறையப் பாதிதான் இழுக்கும் சக்கரங்களின் மேல் இருக்கும். அப்போது குணகம் 1.5-க்கு மேல் வேண்டும். நடக்கிற காரியமில்லை. ஆக, பிடிப்பைத் தந்தது ஆணி. தந்த பிடிப்பை ஒரு துளி மிச்சமில்லாமல் வேலை வாங்கியது நான்கு சக்கர இயக்கம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பலர் காரை வாங்கும்போதும் தவறாக எதிர்பார்க்கிறார்கள், மழையில் ஓட்டும்போதும் தவறாக நம்புகிறார்கள்.

இன்னொரு சின்னக் கணக்கு. 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார். எஞ்சின் முன்னால் இருப்பதால் 900 கிலோ முன் சக்கரங்களின் மேல், 600 கிலோ பின் சக்கரங்களின் மேல். பனிச்சாலை, குணகம் 0.2. முன் சக்கரம் மட்டும் இழுத்தால் 180 கிலோ விசைதான் தரைக்குப் போய்ச் சேரும். பின் சக்கரம் மட்டும் இழுத்தால் 120. நான்கும் இழுத்தால் 300. எஞ்சின் எவ்வளவு பெரியது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை, கவனியுங்கள். மிச்ச விசையெல்லாம் சக்கரத்தை வெறுமனே சுழற்றத்தான் உதவும். சரிவாகச் சொன்னால் முன் சக்கரக் கார் நூற்றுக்கு 12 வரை ஏறும், பின் சக்கரக் கார் 8, நான்கு சக்கரமும் இழுப்பது 20. ஏறும்போது எடை கொஞ்சம் பின்னால் சாய்வதால் முன் சக்கரக் காரின் 12 இன்னும் குறையும்.

இந்த உண்மையை ஒருவர் பனியில் கண்ணால் பார்த்ததிலிருந்துதான் குவாட்ரோவின் கதை தொடங்குகிறது. 1976-77 குளிர்காலம். ஆடி நிறுவனத்தின் பொறியாளர்கள் ஃபின்லாந்தில் சோதனை ஓட்டத்துக்குப் போயிருந்தார்கள். நல்ல எஞ்சின் பூட்டிய முன் சக்கரக் கார்கள் அவர்களிடம் இருந்தன. கூடவே இராணுவத்துக்காகச் செய்த, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோக்ஸ்வாகன் இல்ட்டிஸ் ஒன்று. பார்வைக்குப் பெட்டி மாதிரி, உயரமாக, வெறும் 75 குதிரைத்திறன். அந்த இல்ட்டிஸ் பனியில் மற்ற கார்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போனது. சோதனைப் பிரிவில் இருந்த யோர்க் பென்சிங்கர் ஊர் திரும்பியதும், இதே இயக்கத்தைத் தாழ்வான, வேகமான ஒரு காரில் வைத்தால் என்ன என்று தொழில்நுட்பத் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெக்கிடம் கேட்டார். பியெக், ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் பேரன். அந்தத் தாத்தா 1900-ஆம் ஆண்டிலேயே நான்கு சக்கரத்திலும் மின் மோட்டார் வைத்து ஒரு கார் செய்தவர்; அதன் மின்கலங்கள் மட்டும் ஏறத்தாழ 1,800 கிலோ.

ஆடிதான் இதற்கெல்லாம் முன்னோடி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1903-இல் நெதர்லாந்தின் ஸ்பைக்கர் சகோதரர்கள் நான்கு சக்கரமும் இழுக்கும் பந்தயக் காரைச் செய்துவிட்டார்கள். 1966-இல் இங்கிலாந்தில் ஜென்சன் எஃப்எஃப் வந்தது. டிராக்டர் புகழ் ஹாரி ஃபெர்குசன் தொடங்கிவைத்த ஆராய்ச்சியின் பலன் அது. வழுக்காத பிரேக்குடன் வந்த அருமையான கார். 320 கார்கள்தான் செய்தார்கள், விலை அப்படி. ஜப்பானில் சுபாரு 1972-இல் லியோன் காரை நான்கு சக்கர இயக்கத்தோடு விற்கத் தொடங்கியது. பனி கொட்டும் வடகிழக்குப் பகுதியில் மின்கம்பிகளைப் பார்வையிடும் ஊழியர்களுக்கு ஜீப்பைவிடச் சுகமான ஒரு வண்டி தேவைப்பட்டதுதான் அதற்குத் தொடக்கம். என்னைக் கேட்டால், விளம்பரம் அதிகம் பெறாத இந்த லியோனுக்குத்தான் முதல் மாலையைப் போடுவேன். ஆனாலும் குவாட்ரோவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதன் வளர்ச்சியில் ஒவ்வொரு சிக்கலும் தனித்தனியாகத் தெரியும்.

முதல் மாதிரிக் காரை 1978 ஜனவரியில் ஆஸ்திரியாவின் டுர்ராஹர் ஹோஹே மலைக்கணவாய்க்குக் கொண்டுபோனார்கள். ஆல்ப்ஸ் மலையில் செங்குத்தான கணவாய்களில் அது ஒன்று; நூற்றுக்கு 23 வரை சரிவு. சங்கிலி இல்லை, குளிர்கால டயரும் இல்லை, சாதாரணக் கோடை டயர். கார் ஏறியது. பிறகு தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனின் தலைவர் டோனி ஷ்முக்கரை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். அதற்குப் பனிக்காலம் வரை காத்திருக்க முடியாது. ஒரு புல்மேட்டில் தீயணைப்பு வண்டியைக் கொண்டு தண்ணீர் பாய்ச்சிச் சேறாக்கினார்கள். முன் சக்கரக் கார் மாட்டிக்கொண்டது, பின் சக்கரக் கார் மாட்டிக்கொண்டது, இது மட்டும் ஏறியது. அனுமதி கிடைத்துவிட்டது.

சிக்கலைச் சேறும் கொண்டுவரவில்லை, பனியும் கொண்டுவரவில்லை. கடைத்தெரு கொண்டுவந்தது. மேலதிகாரி ஒருவரின் மனைவி அந்த மாதிரிக் காரை வியன்னா நகரத்தில் கடைக்கு ஓட்டிப் போனாராம். திரும்பி வந்து, "நிறுத்துவதற்காக ஒடித்துத் திருப்பினால் கார் குதிக்கிறது" என்று முறையிட்டார் என்பது அந்த நிறுவனத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

ஏன் குதித்தது? ஐந்து மீட்டர் ஆரத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இரண்டரை மீட்டர். பின் அச்சின் நடுப்புள்ளி ஓடுகிற தூரம் 31.4 மீட்டர். முன் அச்சின் நடுப்புள்ளி இன்னும் பெரிய வட்டத்தில் போகிறது: 35.1 மீட்டர். ஒரே சுற்றில் ஏறத்தாழ நான்கு மீட்டர் வித்தியாசம். ஆனால் முதல் மாதிரிக் காரில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டப்பட்டவை; இரண்டும் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்ற முடியும். வித்தியாசம் எங்கே போகும்? தண்டும் பற்சக்கரங்களும் முறுக்கேறும். முறுக்கு தாங்காதபோது ஏதாவது ஒரு டயர் தரையில் வழுக்கி விடுவித்துக்கொள்ளும். அந்த விடுவிப்புத்தான் குதிப்பு. பனியிலும் சேற்றிலும் டயர் தானாகவே சுலபமாக வழுக்கிவிடும், யாருக்கும் தெரியாது. காய்ந்த தார்ச்சாலை விடாது.

நம் ஊர் மலைப்பாதைகளில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாறைத்தடத்தில் 'ஃபோர் வீல்' போடுவார்கள். தார் ரோடு வந்ததும் எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் ஓட்டினால் லீவர் இறுகிக்கொள்ளும், டயர் தேயும். பழைய ஜீப், ஜிப்சி, இன்றைய தார், ஜிம்னி எல்லாவற்றிலும் அந்த லீவரைப் போட்டால் முன்னும் பின்னும் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடுதான். எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்பது ஓட்டுநரின் கையில். எல்லாச் சாலையிலும் எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமானால் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் வேண்டும்.

டிஃபரன்ஷியல் நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைய சரக்கு. 1820-களின் பிற்பகுதியில், நீராவி வண்டிக்காக பிரான்ஸின் கடிகாரத் தொழிலாளர் ஒனெசிஃபோர் பெக்கர் காப்புரிமை வாங்கியது. இடது சக்கரமும் வலது சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிட்டு, இரண்டுக்கும் ஒரே அளவு முறுக்குவிசை கொடுக்கும். அதையே இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் வைத்தால் முன்னும் பின்னும் தன் போக்கில் சுற்றலாம்.

வைப்பது எங்கே என்பதில்தான் ஆடியின் பொறியாளர்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினார்கள். ஜீப் வகை வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெரிய பெட்டி இருக்கும். கனம் அதிகம், வண்டியையும் உயர்த்த வேண்டியிருக்கும். இவர்கள் கியர்பாக்ஸுக்குள் இருந்த ஒரு தண்டைக் குழாயாகத் துளைத்துவிட்டார்கள். நீளம் 263 மில்லிமீட்டர், ஒரு முழம்கூட இல்லை. எஞ்சின் விசை அந்தக் குழாய் வழியாகப் பின்னால் போய் நடு டிஃபரன்ஷியலைச் சுற்றும். டிஃபரன்ஷியல் அதை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பங்கு புரொபெல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் அச்சுக்கு. மறு பங்கு, வந்த குழாய்க்கு உள்ளேயே ஓடும் ஒரு மெல்லிய தண்டு வழியாகத் திரும்பி முன் அச்சுக்கு. போகிற விசையும் வருகிற விசையும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே இடத்தில். தனிப் பெட்டியும் வேண்டாம், உயரமும் வேண்டாம். 1980 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் குவாட்ரோவை நிறுத்தியபோது கூட்டம் அதன் வெளித்தோற்றத்தைப் பார்த்தது. நான் பார்க்கச் சொல்வது அந்தக் குழாயை.

ஆனால் டிஃபரன்ஷியலுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. அது தராசு மாதிரி. இரண்டு தட்டுக்கும் சமமாகத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் பனிக்கட்டியின் மேல் நின்றால் அதைச் சுழற்ற மிகக் குறைந்த விசையே போதும். அதே குறைந்த விசைதான் மறுபக்கமும் போகும். அடுத்த சக்கரம் நல்ல தரையில் நின்றாலும் பயனில்லை. நடுவிலும் முன்னிலும் பின்னிலுமாக மூன்று டிஃபரன்ஷியல் இருந்தால், நான்கில் ஒரே ஒரு சக்கரம் வழுக்கினாலே முழுக் காரும் நின்றுபோகும். நான்கு சக்கரமும் இழுக்கும் என்று பணம் கொடுத்து வாங்கிய வண்டி, ஒரு சக்கரத்தால் படுத்துக்கொள்ளும்! ஆகவே இந்தத் துறையில் கடந்த நாற்பது ஆண்டுகளாக நடந்த வேலையெல்லாம் ஒரே வேலைதான்: திரும்பும்போது டிஃபரன்ஷியலைச் சுதந்திரமாக விடுவது, வழுக்கும்போது கட்டிப்போடுவது.

முதல் குவாட்ரோவில் ஓட்டுநரே அதைப் பூட்டினார். 1980-களின் பின்பாதியில் டோர்சென் வந்தது. வெர்னன் க்ளீஸ்மன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த அமைப்பு. திருகு போன்ற பற்சக்கரங்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொள்வதால், பிடிப்புக் குறைந்த பக்கம் எவ்வளவு விசை தாங்குகிறதோ அதன் இரண்டு மூன்று மடங்கை மறுபக்கத்துக்குத் தள்ளும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை, வெறும் இரும்பு. எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இது. ஆனால் குறைந்த பக்கத்தின் மடங்கு என்று சொன்னேன் அல்லவா? ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதன் விசை பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம். அப்போது விவரம் தெரிந்த ஓட்டுநர் பிரேக்கை லேசாக மிதிப்பார். தொங்கும் சக்கரத்துக்குக் கொஞ்சம் தடை கிடைக்கும், அதன் மூன்று மடங்கு மறுபக்கம் போகும், வண்டி கிளம்பும்.

இன்று கடைக்கு வரும் பெரும்பாலான எஸ்யூவிகளில் இருப்பது இதுவும் அல்ல. அடிப்படையில் அவை முன் சக்கர வண்டிகள். பின் அச்சுக்கு முன்னால் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் தட்டுகளின் அடுக்கு ஒன்று இருக்கும். தேவைப்படும்போது கணினி அந்தத் தட்டுகளை அழுத்தும். பின் சக்கரமும் இழுக்கத் தொடங்கும். ஸ்வீடனின் ஹால்டெக்ஸ் நிறுவனம் 1998-இல் இதைப் பரவலாக்கியது. எரிபொருள் மிச்சம். நெடுநேரம் ஆழமான மணலில் ஓட்டினால் கிளட்ச் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்வதற்காக விலகிக்கொள்ளும். இடது வலது சக்கரங்களுக்குள் பூட்டு எதுவும் இருக்காது. சுழல்கிற சக்கரத்துக்கு மட்டும் கணினி பிரேக் போடும். மேலே சொன்ன ஓட்டுநரின் கால் செய்த அதே வேலை. நகரத்துக்கு இது போதும். கார் வாங்கப் போகிறவர்கள் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்துத் திருப்தி அடையாமல், உள்ளே இருப்பது இவற்றில் எது என்று விற்பனையாளரைக் கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் கையேட்டை வாங்கிப் பாருங்கள்.

ராலிக்கு வருவோம். 1981-இல் குவாட்ரோ உலக ராலிக்குள் நுழைந்தது. ஸ்வீடன் பனியில் ஹன்னு மிக்கோலா வென்றார். அக்டோபரில் இத்தாலியின் சான் ரெமோவில் மிஷெல் மூட்டோன், பக்கத்தில் வழிகாட்டியாக ஃபாப்ரிட்சியா போன்ஸ். உலக ராலி ஒன்றில் ஒரு பெண் முதலிடம் பெற்றது அதுதான் முதல் தடவை. 1982-இல் தயாரிப்பாளர் பட்டம் ஆடிக்கு. இந்த வரலாற்றை எல்லாரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது இன்னொன்று. அதே 1982-இல் மூட்டோன் மூன்று ராலிகளை வென்றும் ஓட்டுநர் பட்டம் வால்ட்டர் ரோர்லுக்குப் போனது. அவர் ஓட்டியது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ஓப்பல் அஸ்கோனா. 1983-இல் தயாரிப்பாளர் பட்டமே லான்சியா 037-க்குப் போனது. அதுவும் பின் சக்கரக் கார்தான், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. காய்ந்த தாரில் பிடிப்புக்குப் பஞ்சமில்லை. இரண்டு சக்கரமே எஞ்சின் விசையைத் தரைக்குக் கொண்டுசேர்த்துவிடும். அங்கே கூடுதல் தண்டும் பற்சக்கரமும் வெறும் சுமை. அதற்குப் பிறகு இரு சக்கர இயக்கக் கார் எதுவும் அந்தப் பட்டத்தை வாங்கியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எஞ்சின் விசை கூடக்கூட, தாரிலும் இரண்டு சக்கரத்துக்கு அது மீறிப்போயிற்று.

வளைவில் என்ன நடக்கிறது? ஒரு டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒரே கையிருப்பு. முன்னே இழுக்கவும் அதிலிருந்துதான், வளைவில் பக்கவாட்டில் சரியாமல் பிடிக்கவும் அதிலிருந்துதான். இழுக்கும் வேலையை நான்காகப் பங்கிட்டால் ஒவ்வொரு டயரிலும் பக்கவாட்டுக்கு மிச்சம் கூடுதலாக இருக்கும். அதனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலேட்டரைச் சீக்கிரமாக மிதிக்கலாம். ஆனால் வளைவுக்குள் நுழையும் வேகத்தை அது ஒரு கிலோமீட்டர்கூடக் கூட்டாது. நுழையும்போது யாரும் இழுக்கவில்லையே!

பிரேக்கில்தான் ஆபத்து. எந்தக் காரானாலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த சாலையில் மிதித்தால் ஏறத்தாழ 18 மீட்டரில் நிற்கும். பனியில், குணகம் 0.2 என்றால், 70 மீட்டர் வேண்டும். நான்கு சக்கர இயக்கம் இதில் ஒரு மீட்டரைக்கூடக் குறைக்காது. கூடுதல் எடையைப் பார்த்தால் கெடுக்கவே செய்யலாம். இரு சக்கர இயக்கக் கார் வழுக்குச் சாலையில் கிளம்பும்போதே சக்கரம் சுழன்று எச்சரிக்கும். நான்கு சக்கரக் கார் எதுவுமே நடக்காததுபோல் வேகமெடுக்கும். ஓட்டுநருக்குச் சாலை வழுக்குகிறது என்பது முதன்முதலாகத் தெரிவது பிரேக்கை மிதிக்கும்போது. ஜெர்மனியில் 2010-இலிருந்து பனிச்சாலையில் குளிர்காலத்துக்கேற்ற டயர் கட்டாயம். நான்கு சக்கரமும் இழுக்கிறது என்று சொல்லி யாரும் தப்ப முடியாது.

நமக்குப் பனி இல்லை, மழை உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மழை நாளில் ஏறுகிறவருக்கு நான்கு சக்கர இயக்கம் உதவும். நெடுஞ்சாலையில் தேங்கிய தண்ணீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கினால் உதவாது. அங்கே தண்ணீரை ஒதுக்குவது டயரின் காடி மட்டும்தான். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். மழைக்கு அந்தக் குறைந்தபட்சம் போதாது என்பது என் கருத்து. லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து நான்கு சக்கர இயக்கம் வாங்கி, டயரை மொட்டையாகும்வரை ஓட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பிரேக் பற்றிச் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. சொல்லாமல் விட்டால் ஜீப் ஓட்டுநர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். கீழ் கியரில், பிரேக்கைத் தொடாமல், எஞ்சினின் தடையாலேயே செங்குத்தில் இறங்கும்போது நான்கு சக்கர இயக்கம் உண்மையாகவே உதவும். இரண்டு சக்கரத்தில் மட்டும் தடை விழுந்தால் அவை வழுக்கும். நான்கிலும் பரவினால் வழுக்காது. மின்சாரக் கார்களில் இது இன்னும் முக்கியம். காலை எடுத்தாலே மோட்டார் மின்னாக்கியாக மாறி வண்டியை இழுத்துப்பிடிக்கும். பின்னால் மட்டும் மோட்டார் உள்ள காரில் வழுக்குச் சாலையில் அந்தப் பிடி பின்பக்கத்தைச் சுழற்றிவிடக்கூடும் என்பதால் கணினி அதைக் குறைத்துவிடுகிறது. முன்னும் பின்னும் மோட்டார் இருந்தால் பிடியைப் பங்கிடலாம். நடுவில் தண்டும் வேண்டாம், டிஃபரன்ஷியலும் வேண்டாம். எந்த அச்சுக்கு எவ்வளவு என்பதை நொடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் மாற்றலாம். 263 மில்லிமீட்டர் குழாய்க்கு அங்கே வேலையே இல்லை. எந்தக் காரில் எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே பங்கிடுகிறார்கள் என்பது காருக்குக் கார் மாறுகிறது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இந்த அவையில் இருந்தால், மழையில் காலை எடுக்கும்போது உங்கள் கார் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்லுங்கள். கேள்வி நேரத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.